முன்கூட்டி எழுதிய எண்

அக்கா வீட்டில் ஆறு நாற்காலிகள். ஒரு மாலைப் பொழுதுக்குள் ஆறிலும் உட்கார்ந்து எழுந்துவிடுவாள். ஒன்றில் தேநீர் குடிக்கத் தொடங்கி மூன்றாவதில் முடிப்பாள். கோப்பை நான்காவதன் காலடியில் கிடக்கும். பேசிக்கொண்டே எழுந்து போவாள், வாக்கியத்தின் மீதி சமையலறையிலிருந்து வரும். அவள் சமைத்த உருளைக்கிழங்கு வெளியே கருகி உள்ளே வேகாமல் இருக்கும், ஏனென்றால் அடுப்பைக் குறைத்து வைக்க அவளுக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை.

"உங்க அக்கா கால்ல சக்கரம் கட்டி அனுப்பினவங்க பிரேக் வைக்க மறந்துட்டாங்க" என்பார் அத்தான். குடிநீர் வாரியத்தில் குழாய் வரைபடங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுமைசாலி அவர். எந்த வால்வு எந்தத் தெருவில் புதைந்திருக்கிறது என்று யோசிக்காமல் சொல்வார், ஆனால் அக்கா இப்போது எந்த அறையில் இருக்கிறாள் என்று கேட்டால் தெரியாது.

இப்படிப்பட்டவள் இருபத்தாறு வருடம் பார்த்த வேலை, காத்திருப்பது. பல்கலைக்கழகத்து நிலவியல் துறையின் அடித்தளத்தில் உலை அறை. ஜன்னல் கிடையாது. ஆள் உயரத்தில் நான்கு உலைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் மேலிருந்து கீழாக ஒரு பீங்கான் குழாய். சுவரோரமாகச் சங்கிலி போட்டு நிறுத்திய வாயு சிலிண்டர்கள். அவள் அங்கே தொழில்நுட்ப உதவியாளர். துறையில் எல்லோரும் அவளை 'அவசரம்' என்றுதான் குறிப்பிடுவார்கள், அவளுக்குத் தெரிந்தேதான். "அவசரத்தைக் கூப்பிடுங்க, மூணாவது உலை சூடேறல" என்று மாடியிலிருந்து குரல் வரும்.

கல்லுக்குள்ளே அணுக்கள் நடக்கின்றன. எவ்வளவு வேகத்தில் நடக்கின்றன என்று அளப்பதுதான் அந்த அறையின் வேலை. நான் முதலில் நம்பவில்லை. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அக்கா எனக்கு விளக்கினாள். உட்கார இடமில்லை, அவள் கம்பியைப் பிடித்தபடி கால் மாற்றி மாற்றி நின்றாள்.

"இப்ப இந்த பஸ்ஸுதான் கல்லுன்னு வெச்சுக்கோ. எல்லா சீட்டும் நெரம்பியிருக்கு. யாரும் நகர முடியாது. நடுவுல ஒருத்தர் இறங்கிட்டார்னா?"

"அவர் இடம் காலி."

"பக்கத்துல இருக்கிறவர் அங்க மாறுவார். அவரோட சீட்டு காலி. அதுக்கு இன்னொருத்தர். இப்படியே ஒவ்வொரு தாவலாத்தான் இரும்பு கல்லுக்குள்ள போகுது. காலி இடம் இல்லன்னா ஒண்ணும் நடக்காது."

"சூடு எதுக்கு?"

"ஆறிப்போன கல்லுல எல்லாரும் உட்கார்ந்த வாக்கில தூங்குவாங்க. சூடு ஏற ஏறக் காலி இடமும் கூடும், எழுந்து தாவ தெம்பும் வரும்."

"அப்போ உனக்குள்ள எப்பவும் ஆயிரம் டிகிரி."

"எனக்குள்ள இருக்கிற சூடு அந்தக் கல்லுக்கு இருந்தா நாலு நாள்ல வேலை முடிஞ்சிருக்கும்டி" என்றாள். அதற்குள் முன்னால் ஓர் இடம் காலியாயிற்று. போய் உட்கார்ந்தாள், அடுத்த நிறுத்தத்தில் யாருக்கோ கொடுத்துவிட்டு மறுபடி நின்றாள்.

அவள் சொன்ன வேலை இதுதான். ஆலிவின் என்ற பச்சைக் கனிமத்தில் இரண்டு சின்னப் படிகங்கள், ஒன்றில் இரும்பு அதிகம், மற்றதில் குறைவு. இரண்டையும் கண்ணாடிபோல் தேய்த்து முகத்தோடு முகம் சேர்த்துக் கட்டி உலைக்குள் தொங்கவிடுவார்கள். இரும்பு மெல்ல மெல்ல எல்லை தாண்டும். எடுத்து வெட்டிப் பார்த்தால் இரும்பு எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்று தெரியும். இந்தக் கணக்கு கையில் இருந்தால், எரிமலை கக்கிய ஒரு கல்லைப் பார்த்தே அது நிலத்தடிச் சூட்டில் எத்தனை மாதம் கிடந்தது என்று சொல்லலாம். கனிமத்தின் ஓரத்தில் உள்ள மங்கல்தான் கடிகாரம்.

உலையை அதிகமாகச் சூடாக்கினால் சோதனை சீக்கிரம் முடியும், ஆனால் நிலத்துக்கு அடியில் அவ்வளவு சூடு இல்லை. அதிகச் சூட்டில் அளந்த புள்ளிகளை வைத்துக் கோடு இழுத்து, குறைந்த சூட்டில் என்ன நடக்கும் என்று ஊகிக்க வேண்டும். எவ்வளவு கீழே இறங்கி அளக்கிறோமோ அவ்வளவுக்கு ஊகம் குறையும். அந்தத் துறையில் ஆயிரத்து நூறு டிகிரிக்குக் கீழே யாரும் போனதில்லை. அக்கா ஆயிரத்து ஐம்பதில் நாற்பத்துமூன்று நாள் உலையை அசையாமல் நிறுத்திக் காட்டினாள். அந்த நாற்பத்துமூன்று நாளில் இரும்பு நகர்ந்த தூரம் ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு.

சூட்டை அளப்பது தெர்மோகப்பிள். ஒன்று தூய பிளாட்டினக் கம்பி, மற்றது ரோடியம் கலந்த பிளாட்டினக் கம்பி. இரண்டின் நுனியையும் உருக்கிச் சேர்த்து, கடுகளவு மணியாக்கி உலைக்குள் விடுவார்கள். இதில் ஒரு கோளாறு உண்டு. நாள்பட்ட சூட்டில் அந்தக் கம்பிகளிலும் அணுக்கள் நடக்க ஆரம்பித்துவிடும். ரோடியம் பக்கத்துக் கம்பிக்குள் நுழையும், உலையின் புகை இரண்டையும் அழுக்காக்கும். அப்புறம் அது காட்டும் எண் பொய்.

"திருடனைப் பிடிக்க அனுப்பின போலீஸு, பாதி வழியில அவன்கூட சேர்ந்து ஓடுற மாதிரி" என்பாள் அக்கா.

அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை பரிசோதனை. கல் தொங்கும் இடத்தில் மெல்லிய பொன் கம்பி ஒன்றைக் கட்டி அதை ஒரு சின்ன பல்போடு இணைப்பார்கள். உலையை மெதுவாகச் சூடேற்றுவார்கள். ஆயிரத்து அறுபத்துநான்கு டிகிரியில் பொன் உருகும். கம்பி அறுந்து பல்பு அணையும். அந்த நொடியில் தெர்மோகப்பிள் என்ன காட்டுகிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்கு இரண்டு கட்டங்கள்: 'முன்', 'பின்'.

அக்காவின் பதிவேட்டில் இருபத்தாறு வருடமாக 'பின்' கட்டத்தில் 1064, இல்லையென்றால் 1063. எப்போதும் அதுதான் வரும். வரும் என்று தெரிந்த ஒன்றுக்காகப் பேனாவோடு நிற்க அவளால் முடியாது. சோதனை முடியும் நாளன்று காலையிலேயே தேதி, வாயு அளவு, சூடு எல்லாவற்றையும் எழுதும்போது அந்தக் கட்டத்தையும் நிரப்பிவிடுவாள். பிறகு பல்பு அணையும்போது பார்த்து, சரியாக இருந்தால் பேசாமல் இருந்துவிடுவாள். இந்தப் பழக்கம் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன வருடம் கோடை முடியும்போது அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. ஸ்கேன் முடிவு வந்த அன்று என் வீட்டுக்கு வந்தாள். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். கதவைத் திறக்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ரெண்டு சேதி இருக்கு. எது முதல்ல வேணும்?"

"நல்லது."

"பேராசிரியர் இன்னிக்குக் கூப்பிட்டாங்க. நாற்பத்துமூணு நாள் கணக்கு கட்டுரையா வரப்போகுது. எழுதினவங்க பேர்ல என் பேரும் இருக்குமாம். நன்றி சொல்ற இடத்துல இல்ல. மேல."

இருபத்தாறு வருடத்தில் நன்றிப் பகுதியில் எழுபது தடவையாவது அவள் பெயர் வந்திருக்கும், அதிலும் பாதி எழுத்துப்பிழையோடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி, இன்னொண்ணு?"

"டாக்டர் மாசக் கணக்குல பேசலாம்னார். வருஷக் கணக்கு வேண்டாமாம்." சொல்லிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். "உன் துணியெல்லாம் நனையப்போகுது, எடுத்துட்டு வரட்டுமா?"

அதற்கு ஒரு வாரத்துக்குப் பிறகுதான் அவள் நடை மாறியது. முன்பெல்லாம் ஓரிடத்தில் நிற்காமல் பறப்பாள். இப்போது கூடத்துக்குள்ளேயே வாசலுக்கும் அலமாரிக்கும் இடையில் போய்ப் போய்த் திரும்பினாள். நோயைப் பற்றிய பயம் என்று அத்தானும் நானும் நினைத்தோம்.

"பொய்க் கணக்கு ஒண்ணு எழுதியிருக்கேன்" என்றாள் ஒருநாள் மாலை, அத்தான் அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது. "அந்த நாற்பத்துமூணு நாள் முடிஞ்ச அன்னிக்கு 'பின்' பார்க்கவே இல்ல. காலையிலேயே எழுதிட்டேன். அப்புறம் ஒரு வேலையா வெளிய போயிட்டேன். மறுநாள் வர்றதுக்குள்ள அந்த உலையில வேற ஒருத்தர் கல்லை ஏத்திட்டாங்க. பழைய தெர்மோகப்பிளைக் கழட்டி இழுப்பறையில வெச்சதோட சரி. அப்படியே விட்டுட்டேன்."

"எப்பவும் அதே எண்தானே வரும்" என்றார் அத்தான்.

"வருமா வராதான்னு பார்க்கத்தானே கட்டம் போட்டிருக்கு."

மறுநாள் அவளோடு நானும் போனேன். பையைக் கூட அவளால் தூக்க முடியவில்லை. உலை அறையில் ஆய்வு மாணவர் இருந்தார், தடித்த கண்ணாடி போட்ட இளைஞர். அக்காவுக்கு அவர் 'கண்ணாடித் தம்பி'. அவர்தான் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தார். அக்கா நேராக மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, காகிதத்தில் சுற்றித் தேதி எழுதி வைத்திருந்த பழைய தெர்மோகப்பிளை எடுத்தாள்.

"எதுக்குக்கா இப்ப இது?"

"சும்மா. பொன் கம்பி கட்டு."

காலியாக இருந்த இரண்டாவது உலையில் கட்டினார்கள். சூடு ஏறக் காத்திருந்தோம். அக்கா சிலிண்டர்களை எண்ணினாள், ஏற்கெனவே துடைத்த மேசையைத் துடைத்தாள், கதவைத் திறந்து தாழ்வாரத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். திரையில் எண் ஏறியது. ஆயிரத்து நாற்பது. நாற்பத்துமூன்று. நாற்பத்தாறு. பல்பு அணைந்தது.

கண்ணாடித் தம்பி பல்பைத் தட்டிப் பார்த்தார். "பல்பு போயிடுச்சுபோல."

"பல்புக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் அக்கா. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பதினெட்டு டிகிரி குறைவாகக் காட்டியிருக்கிறது. அப்படியென்றால் திரை ஆயிரத்து ஐம்பது என்று சொன்னபோது உள்ளே ஆயிரத்து அறுபத்தெட்டு வரை எரிந்திருக்கலாம். அந்தச் சூட்டில் இரும்பின் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் நூற்று முப்பது நாள் கிடந்த கல் நூறு நாள்தான் கிடந்தது என்று வரும். பதினெட்டைக் கூட்டித் திருத்தவும் வழியில்லை. முதல் நாளிலேயே விலகியதா, நாற்பதாம் நாளிலா என்பது யாருக்கும் தெரியாது.

பேராசிரியர் தன் அறையில் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். நரைத்த தலைமுடியை ஒட்ட வெட்டிய பெண்மணி. திட்டவில்லை.

"அந்த ஒரு புள்ளியை விட்டுடுவோம். மத்த மூணு சூட்டு அளவும் சரியா இருக்கு. கட்டுரை கொஞ்சம் சாதாரணமா இருக்கும், அவ்வளவுதான். உங்க பேர் அப்படியே இருக்கட்டும்."

"எதுக்கு மேடம் என் பேரு? அந்தப் புள்ளிக்காகத்தானே வந்துச்சு?"

"இத்தனை வருஷ உழைப்புக்காகன்னு வெச்சுக்கோங்க."

"அதுக்குச் சம்பளம் குடுத்துட்டீங்க" என்றாள் அக்கா. "எனக்கு இன்னொரு தடவை உலை குடுங்க. புதுத் தெர்மோகப்பிள். நாற்பத்துமூணு நாள்."

பேராசிரியருக்கு நோய் தெரியாது. அக்கா சொல்லவும் இல்லை. கண்ணாடித் தம்பி மட்டும் படியேறும்போது அவள் இரண்டு இடத்தில் நின்றதைப் பார்த்திருந்தார். தாழ்வாரத்தில் அவளை மறித்தார்.

"அக்கா, ஆயிரத்து நூத்தைம்பதுல வெச்சுருவோம். ஒரு வாரத்துல முடிஞ்சிடும். உங்க கையாலேயே முடிச்ச மாதிரி இருக்கும்."

"அந்தச் சூட்டுலதான் ஏற்கெனவே ஆயிரம் பேர் அளந்திருக்காங்களே, தம்பி. என் வீட்டுக்காரர் சாப்பிடுற உருளைக்கிழங்கை நீ சாப்பிட்டதில்ல. சீக்கிரம் வேணும்னு தீயைக் கூட்டினா என்ன ஆகும்னு எனக்கு நல்லா தெரியும்."

உலை ஏறியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கணக்குகள் ஓடின. ஒன்றைச் சத்தமாக எண்ணினோம், மற்றதை யாரும் எண்ணவில்லை. மருந்து ஏற்றும் நாளிலும் அவள் காலையில் உலை அறைக்குப் போய் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவமனைக்கு வருவாள். அங்கே நீண்ட வரிசையில் நாற்காலிகள். எழுந்து போனவரின் இடத்துக்கு இவள் மாறுவாள், பிறகு அதற்கடுத்த இடத்துக்கு. நர்ஸ் கண்டித்தாள். "உங்க நம்பரைக் கூப்பிட்டா ஆள் எங்கன்னு தேட வேண்டியிருக்கு. ஒரே இடத்துல உட்காருங்கம்மா." "உட்கார்ந்துதான் இருக்கேன்" என்றாள் அக்கா, நான்காவது நாற்காலியிலிருந்து.

பதினேழாம் நாள் கொஞ்ச நேரம் மின்சாரம் தடைப்பட்டது. ஜெனரேட்டர் எட்டு நொடியில் பிடித்துக்கொண்டது. அந்த எட்டு நொடியைப் பற்றி அவள் மூன்று நாள் பேசினாள். சாப்பாடு இறங்கவில்லை. முப்பதாம் நாள் படிகளில் இறங்க முடியவில்லை. முப்பத்துமூன்றாம் நாள் கட்டிலிலிருந்து எழவும் முடியவில்லை. எழ முடியாதவளின் கை போர்வையின் ஓரத்தை மடித்து விரித்து, மடித்து விரித்து, நாள் முழுக்க ஓயவில்லை.

அதன் பிறகு நான்தான் தினமும் போனேன். திரையில் இருக்கும் எண்ணைப் பார்த்து அவளுக்குப் போன் செய்ய வேண்டும்.

"ஆயிரத்து ஐம்பது."

"பக்கத்துல புள்ளிக்கு அப்புறம்?"

"புள்ளி ரெண்டு."

"நேத்து புள்ளி ஒண்ணு."

"நேத்தும் புள்ளி ரெண்டுதான். நான்தானே சொன்னேன்."

"சரி. 'பின்' கட்டத்துல யாராவது எழுதியிருக்காங்களா?"

"காலியா இருக்கு."

"காலியாவே இருக்கணும். தம்பிகிட்ட சொல்லு."

முப்பத்தெட்டாம் நாள் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, ஏனோ பின்னால் புரட்டினேன். பழைய சோதனை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடினேன். அக்காவின் சாய்ந்த கையெழுத்து, நீல மை. 'பின்': 1064. அதற்கு மேலே தேதி. அந்தத் தேதியை எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குப் பித்தப்பை அறுவை நடந்த நாள். பெரிய அறுவை ஒன்றும் இல்லை, ஆனால் உள்ளே கொண்டுபோக ஒரு மணி நேரம் இருக்கும்போது பயம் வந்து அவளைப் போனில் கூப்பிட்டேன். உடனே வா என்றேன். இருபது நிமிடத்தில் வந்தாள். கையில் வெப்பம் தாங்கும் உறை ஒன்றைக் கழற்றாமலே வந்திருந்தாள். அதைப் பார்த்து நான் சிரித்தது நினைவிருக்கிறது.

வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு வேலையா வெளிய போனேன்னியே. அது நான் கூப்பிட்டதாக்கா?"

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். "பதிவேட்டைப் புரட்டினியா?"

"நான் கூப்பிடாம இருந்திருந்தா..."

"கூப்பிடாம இருந்திருந்தா பல்பு அணைஞ்சதைப் பார்த்திருப்பேன். எண்ணை அடிச்சுட்டு மாத்தி எழுதியிருப்பேன். அது வேற. ஆனா அந்த எண்ணைக் காலையில எட்டு மணிக்கு எழுதினேன். நீ கூப்பிட்டது பதினொண்ணரைக்கு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதை உன் தலையில போட்டுக்காதே. அது என்னோடது. இன்னும் அஞ்சு நாள் இருக்கு, போய்ப் பார்."

அத்தான் வாசல் நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போய்த் தேநீர் போட்டு வந்தார்.

நாற்பத்துமூன்றாம் நாள் காலை கண்ணாடித் தம்பி உலையின் மேலே, கல் தொங்கிய கம்பியைத் துண்டித்தார். கல் குழாய் வழியாக அடியில் வைத்திருந்த தண்ணீருக்குள் விழுந்து சீறியது. அந்த நொடியோடு உள்ளே எல்லாம் நின்றுவிடும், நடந்தது நடந்த இடத்தில் உறைந்துவிடும் என்றார். பிறகு உலையை ஆறவிட்டுப் பொன் கம்பி கட்டினார். பதிவேடு திறந்திருந்தது. பேனாவை மூடி மேசையின் மறுகோடியில் வைத்திருந்தார். நான் போனை உலைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அத்தான் போனை அக்காவின் காதோடு பிடித்திருந்தார்.

"இப்ப எவ்வளவு?"

"ஆயிரத்து முப்பது."

"இப்ப?"

"கொஞ்சம் பொறு. நாற்பது."

நாற்பத்தாறைத் தாண்டியது. ஐம்பது. ஐம்பத்தெட்டு. என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன், மறுபடி ஆடியது. அறுபது. அறுபத்திரண்டு. பல்பு அணைந்தது.

"அறுபத்துமூணு" என்றார் கண்ணாடித் தம்பி.

"அறுபத்துமூணுக்கா" என்றேன்.

"எழுதியாச்சா?"

"இப்பத்தான் பேனா எடுக்கப் போறார்."

"எடுக்கட்டும்" என்றாள்.

ஒன்பது நாள் கழித்து அக்கா போய்விட்டாள். கல்லை வெட்டி அளக்க அதற்கு மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. பழைய அளவைவிட வேகம் குறைந்திருந்தது, கோடு கொஞ்சம் கீழே இறங்கியது. கட்டுரை போன வாரம் வெளிவந்தது. மேலே மூன்று பெயர்கள், அவளுடையதில் எழுத்துப்பிழை இல்லை. அனுப்புவதற்கு முன் கண்ணாடித் தம்பி என்னிடம் இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்திருந்தார்.

அவர் அந்தக் கல்லையும் காட்டினார். விரல் நக அளவுக்கு இருக்கும், ஒரு வில்லையில் பதித்திருந்தார்கள். இரும்பு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறதா என்று கேட்டேன்.

"இந்தச் சூட்டுலயா? பூமி இருக்கிற வரைக்கும் வெச்சிருந்தாலும் நகராதுங்க. நாற்பத்துமூணு நாள்ல எங்க போச்சோ அங்கதான்."

நன்றி சொல்லிவிட்டு அத்தானைப் பார்க்கப் போனேன். அவர் மூன்றாவது நாற்காலியில் இருந்தார். கொஞ்ச நேரம் பேசினோம். அப்புறம் எழுந்து ஜன்னல் ஓரத்து நாற்காலிக்குப் போனார். நான் அவருடைய நாற்காலிக்கு மாறினேன்.